சேஃப் வேர்டே வேண்டாம் என்கிறாள், நான் ஒத்துக்கொள்ளலாமா?

தயங்கும்கை:

எங்கள் இருவருக்கும் முப்பது தாண்டிவிட்டது, சில வருடங்களாகச் சேர்ந்து வாழ்கிறோம். அந்தரங்க நேரத்தில் நான் கட்டுப்பாட்டைக் கையில் எடுக்க வேண்டும், தான் அடங்கிப்போக வேண்டும் என்பது அவளுக்கு நெடுநாள் ஆசை. வாய்விட்டு முதலில் சொன்னதும் அவள்தான். எனக்கும் பிடித்துப்போய்விட்டது, அதில் ஒளிவுமறைவு இல்லை. கையைக் கட்டுவது, கண்ணைக் கட்டுவது, லேசாக அடிப்பது என்ற அளவில் இதுவரை வந்திருக்கிறோம்.

சேஃப் வேர்ட் ஒன்று, அதாவது சொன்ன உடனே எல்லாம் நின்றுவிடும் என்று முன்பே பேசிவைத்த ஒரு சொல், வைத்துக்கொள்ளலாம் என்று நான் பேச்செடுத்தால் அவளுக்குப் பிடிப்பதே இல்லை. 'உன்னை நம்பித்தானே என்னை ஒப்படைக்கிறேன், அப்புறம் எதற்கு அது? எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்ற நினைப்பு தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தால் முழுதாக ஒப்படைத்த மாதிரியே இல்லை' என்கிறாள். நடுவில் 'சரியா இருக்கா?' என்று கேட்டாலும் முகம் வாடிவிடுகிறது. கடைசித் தடவை பாதியில் ஒரேயடியாக அமைதியாகிவிட்டாள், ஒரு சத்தம்கூட இல்லை. எனக்குப் பயம் வந்து எல்லாவற்றையும் நிறுத்தி, கட்டை அவிழ்த்து, விளக்கைப் போட்டுவிட்டேன். அவளோ, நன்றாகத்தானே போய்க்கொண்டிருந்தது, ஏன் கெடுத்தாய் என்று கோபித்துக்கொண்டாள். இப்போது கழுத்தைப் பிடிக்கச் சொல்லிக் கேட்கிறாள். அதை நான் இன்னும் செய்யவில்லை.

சேஃப் வேர்ட் என்பது அவளுடைய பாதுகாப்புக்காகத்தான். அவளே தெளிவாக யோசித்து வேண்டாம் என்று சொல்லும்போது, இல்லை, உனக்கு அது இருந்தே ஆக வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தால், சம்மதத்தை மதிக்கிறேன் என்ற பெயரில் அவள் பேச்சையே மீறுகிற மாதிரி ஆகாதா? எங்கே கோடு போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. இதில் அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

வேர்க்கோடு:

நண்பரே, நிறுத்தினீர்களே, அது சரி. அவர் கோபித்துக்கொண்டார் என்பதால் அது தப்பாகிவிடாது. எதிரில் இருப்பவர் எந்த நிலையில் இருக்கிறார் என்று தெரியாதபோது நிறுத்துவதைத் தவிர வேறு வழியே இல்லை.

சேஃப் வேர்ட் அவருக்காக மட்டும் என்று எழுதியிருக்கிறீர்கள், நான் அங்கேதான் மாறுபடுகிறேன். அது உங்களுக்காகவும்தான். கை கட்டப்பட்டு, கண் மறைக்கப்பட்டு, சத்தமில்லாமல் கிடக்கும் ஒருவர் இதை இன்னும் விரும்புகிறாரா என்று தெரியாமலே அவர்மேல் கை ஓங்க உங்களுக்கு மனசில்லை. அந்த மனசின்மைக்கும் முழு மதிப்பு உண்டு. டாமினன்ட் பக்கம், அதாவது கட்டுப்பாட்டைக் கையில் எடுக்கும் பக்கம் இருப்பவர் எல்லாவற்றுக்கும் தயாராக இருக்க வேண்டும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள், சம்மதம் என்பது ஒருவர் கேட்டு இன்னொருவர் கொடுப்பது என்கிற மாதிரி. இருவரும்தான் சம்மதிக்க வேண்டும். அதனால் 'உனக்கு இது கட்டாயம்' என்று சொல்லாமல் 'எனக்கு இது இல்லாமல் முடியாது, என்னால் நிம்மதியாகச் செய்ய முடியவில்லை' என்று சொல்லிப் பாருங்கள். அப்போது நீங்கள் அவருடைய பேச்சை மீறவில்லை, உங்கள் லிமிட்டைச் சொல்கிறீர்கள். அவர் அதை ஏற்கலாம், ஏற்காமல் அந்த விளையாட்டையே வேண்டாம் என்றும் சொல்லலாம். ஆனால் உங்களை நச்சரித்துச் சம்மதிக்க வைக்கக்கூடாது. நச்சரித்து வாங்கிய 'சரி' எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் சம்மதம் ஆகாது.

'வேண்டாம்', 'விடு', 'போதும்' என்ற சொற்களே இருக்க, தனியாக ஒரு சொல் எதற்கு என்று கேட்பார்கள். சில ஜோடிகளுக்கு அந்தச் சொற்கள் விளையாட்டின் பகுதி, சொல்லிக்கொண்டே தொடர்வதுதான் அவர்களுக்கு வேண்டும். அதனால்தான் அந்தச் சூழ்நிலையில் தானாக வாயில் வராத ஒரு சொல்லைப் பேசிவைத்துக்கொள்கிறார்கள். பரவலாக இருப்பது சிக்னல் விளக்கு முறை. சிவப்பு என்றால் எல்லாம் அந்த நொடியே நின்றுவிடும், காரணம் கேட்கக்கூடாது. மஞ்சள் என்றால் மெதுவாக, அல்லது இதை மட்டும் மாற்று, கால் பிடித்துக்கொண்டது, கட்டு இறுகுகிறது என்பது மாதிரி. பச்சை என்றால் தொடரலாம். என்னைக் கேட்டால் மூன்றிலும் அதிகம் பயன்படுவது மஞ்சள்தான். சிவப்பு மட்டும் இருந்தால், இதற்காகவெல்லாம் முழுசாக நிறுத்தணுமா என்று தயங்கித் தயங்கி, தாங்க முடியாத இடம்வரை போய்விடுவார்கள். இன்னொன்று, இந்தச் சொற்கள் டாமுக்கும் உண்டு. உங்களுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டால் நீங்களும் மஞ்சள் சொல்லலாம்.

ஆனால் சொல் கடைசியில் வருவது. அதற்கு முன்னால் பேச வேண்டியது நிறைய இருக்கிறது, உங்கள் பதிவைப் பார்த்தால் அந்தப் பேச்சு நடந்த மாதிரி தெரியவில்லை. இருவரும் முழு உடையில், வயிறு நிறைந்து, குடிக்காமல், அன்று ஒன்றும் செய்யப்போவதில்லை என்று முடிவு செய்துகொண்டு உட்காருங்கள். எதெல்லாம் பிடிக்கும், எதையெல்லாம் முயன்று பார்க்கலாம், எதை எக்காரணம் கொண்டும் தொடக்கூடாது என்று தனித்தனியே எழுதி, பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள். 'நீ என்ன செய்தாலும் சரி' என்று அவர் எழுதினால் அதைப் பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அன்பாகத்தான் சொல்கிறார், ஆனால் அதில் உங்களுக்குத் தெரிந்துகொள்ள ஒன்றும் இல்லை. என்ன சொல்லித் திட்டினால் பிடிக்கும், எந்தச் சொல் உண்மையாகவே காயப்படுத்தும்? தழும்பு தெரிந்தால் பரவாயில்லையா? ஆஸ்துமா, வலிப்பு, பழைய தோள்பட்டைக் காயம், ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, இதெல்லாம் உண்டா? முன்பு யாராவது அவரைத் தொடக்கூடாத விதத்தில் தொட்ட அனுபவம் இருந்து, அது சட்டென்று மேலே வரக்கூடிய இடங்கள் உண்டா? இதை அவர் சொல்ல விரும்பும் அளவுக்கு மட்டும், தோண்டாதீர்கள்.

பேசி முடிவானதில் பாதியில் எதையும் குறைக்கலாம், புதிதாக எதையும் சேர்க்கக்கூடாது. அந்த நேரத்தில் உடம்பில் அட்ரினலினும் எண்டார்ஃபினும் ஓடிக்கொண்டிருக்கும், வலி மட்டுப்படும், இன்னும் வேண்டும் என்று கேட்கத் தோன்றும். கேட்டாலும் 'அடுத்த முறை' என்று சொல்லுங்கள், அப்போதுதான் அவர் நிதானமாக இருக்கும்போது அதை யோசிக்க முடியும்.

மரகதப்புறா:

நான் சப்மிசிவ் பக்கம், அதாவது அடங்கிப்போகும் பக்கம் இருப்பவள், பெண். அந்த அமைதியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது புரிவது கஷ்டம்.

ஆழமாகப் போய்விட்டால் எனக்குப் பேச்சே வராது. யாராவது கேள்வி கேட்டால் கேட்கும், பதில் என்னவென்றும் தெரியும், ஆனால் அதை வாய்வரை கொண்டுவருவது பெரிய வேலையாக இருக்கும். வலியும் தூரத்தில் எங்கோ நடக்கிற மாதிரிதான் இருக்கும். சுகமான நிலைதான், அதற்காகத்தான் பலர் இதற்கே வருகிறோம். ஆனால் பாருங்கள், அந்த நிலையில் என் கை மரத்துப்போனால் எனக்கே தெரியாமல் போகலாம். சேஃப் வேர்ட் பேசிவைத்திருந்தாலும் அப்போது நான் அதைச் சொல்லாமல் போகலாம். அதனால் அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

இன்னொரு அமைதியும் உண்டு. பயத்தில் உறைந்துபோவது. அது வந்தால் ஓடவும் தோன்றாது, தள்ளவும் தோன்றாது, உடம்பு கட்டை மாதிரி கிடக்கும். வெளியே இரண்டும் ஒன்று போலத் தெரியலாம், கிட்டே பார்த்தால் வித்தியாசம் தெரியும். நான் சுகமாக இருக்கும்போது மூச்சு நீளமாக, வயிறுவரை போகும், தாடை தளர்ந்திருக்கும், கை விரல்கள் லேசாக மடங்கி விரிந்தபடி இருக்கும், தொட்டால் தொட்ட பக்கம் உடம்பு சாயும். உறைந்துபோனால் மூச்சு மேலேயே நிற்கும், பல் கடித்திருக்கும், கால்விரல்கள் உள்பக்கமாகச் சுருண்டிருக்கும், தொட்டாலும் தோலில் ஒரு அசைவு இருக்காது. எல்லோருக்கும் இதே மாதிரி இருக்காது. உங்கள் துணைவிக்கு எப்படி என்று அவரையே கேளுங்கள், இப்படி ஒரு கேள்வி கேட்டதற்காக அவர் சந்தோஷப்படுவார் என்றுதான் நினைக்கிறேன். கண்ணைக் கட்டிவிட்டால் பாதித் தகவல் உங்களுக்குக் கிடைக்காமல் போகிறது, அதையும் நினைவில் வையுங்கள்.

நடுவில் கேட்டால் மூட் போகிறது என்பது உண்மைதான், கேட்கிற விதத்தைப் பொறுத்து. பயந்த குரலில் 'சரியா இருக்கா?' என்றால் உடனே வெளியே வந்துவிடுவேன், எதிரில் இருப்பவரை இப்போது நான்தான் சமாதானப்படுத்த வேண்டும் போலிருக்கும். அதே அதிகாரமான குரலில் 'என்ன நிறம், சொல்' என்றால் அது எனக்கு வந்த இன்னொரு கட்டளை, சொல்லிவிட்டு உள்ளேயே இருப்பேன். பேச்சே வராதபோது கைதான். அவர் என் கையை இரண்டு முறை அழுத்துவார், நானும் இரண்டு முறை அழுத்த வேண்டும். அழுத்தவில்லை என்றால் எல்லாம் நிற்கும். வாய் கட்டியிருந்தால் கையில் ஒரு சாவிக்கொத்து, நான் விட்டுவிட்டால் தரையில் விழுந்து சத்தம் கேட்கும். மெத்தைமேல் விழுந்தால் கேட்காது, கை கட்டிலுக்கு வெளியே இருக்கட்டும்.

முடிந்த பிறகு என்ன செய்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. கட்டை அவிழ்த்த கையோடு எழுந்து போய்விடாதீர்கள். போர்வை, தண்ணீர், பக்கத்தில் ஒரு உடம்பு. உடம்பின் சூடு சட்டென்று குறைந்து நடுக்கம்கூட வரும். சிலருக்கு ஒட்டிப் படுக்க வேண்டும், சிலருக்கு யாரும் தொடாமல் கொஞ்ச நேரம் வேண்டும், இதையும் முன்பே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். மறுநாளோ அதற்கு மறுநாளோ காரணமே இல்லாமல் அழுகை வரலாம், வெறுமையாக இருக்கலாம். சப் ட்ராப் என்பார்கள். டாமுக்கும் அது வரும், 'நான் நேசிக்கிற ஒருத்தியை அடித்தேனே' என்று குற்றவுணர்ச்சி வாட்டும். அப்படி வந்தால் அவரிடம் சொல்லுங்கள், உங்களுக்கும் ஆறுதல் வேண்டியிருக்கும்.

முடிச்சு:

கயிறு பற்றியும் கழுத்து பற்றியும் எழுதுகிறேன்.

கட்டும்போது எல்லோரும் ரத்த ஓட்டத்தைத்தான் கவனிக்கிறார்கள், கை நிறம் மாறுகிறதா, சில்லென்று ஆகிறதா என்று. அதைவிடச் சீக்கிரம் கெடுவது நரம்பு. மேல்கையின் வெளிப்பக்கத்தில் எலும்பை ஒட்டி ரேடியல் நரம்பு ஓடுகிறது, அங்கே கயிறு அழுந்தினால் மணிக்கட்டைத் தூக்க முடியாமல் கை தொங்கிவிடும், சரியாக வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். வலிக்காமலே இது நடக்கும். ஊசி குத்துகிற மாதிரி இருக்கிறது, மின்சாரம் பாய்ந்த மாதிரி இருக்கிறது, விரல் மரத்துவிட்டது என்றால் 'இன்னும் கொஞ்ச நேரம்' என்ற பேச்சே கூடாது, உடனே அவிழ்க்க வேண்டும். அவ்வப்போது மணிக்கட்டைப் பின்பக்கம் உயர்த்தச் சொல்லுங்கள், விரல்களை விரிக்கச் சொல்லுங்கள், உங்கள் விரலைப் பிடித்து அழுத்தச் சொல்லுங்கள். மூன்றில் ஒன்று முடியாவிட்டாலும் அவிழ்த்துவிடுங்கள். மேலே மரகதப்புறா சொன்ன கை அழுத்தத்தோடு இதையும் சேர்த்துக்கொண்டால் தனியாகக் கேட்கிற மாதிரியே இருக்காது.

கயிற்றுக்கும் தோலுக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைய வேண்டும். இழுத்தால் இறுகும் சுருக்கு முடிச்சு வேண்டாம். முனை மழுங்கிய கத்தரி, ஆம்புலன்ஸில் துணி வெட்ட வைத்திருப்பார்களே அது, கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும், வேறு அறையில் டிராயருக்குள் இருந்து பயனில்லை. கயிறு போனால் போகட்டும், வெட்டுங்கள். கட்டிப்போட்டவரைத் தனியே விட்டு ஒரு நிமிடம்கூட நகராதீர்கள், ஃபோன் அடித்தாலும். அடிப்பதைப் பொறுத்தவரை சதை தடித்த பின்பகுதி, தொடையின் பின்பக்கம், அவ்வளவுதான். சிறுநீரகம் இருக்கும் இடுப்புக்கு மேல் பகுதி, முதுகெலும்பு, வால் எலும்பு, மூட்டுகள், கழுத்து, தலை, இங்கெல்லாம் கூடாது. இருவரில் ஒருவர் குடித்திருந்தாலும் அன்று வேண்டாம்.

கழுத்து விஷயத்தில் என் பதில் நேரடியானது. செய்யாதீர்கள். மற்ற எல்லாவற்றிலும் ஆபத்தைக் குறைக்க ஒரு வழி உண்டு, இதில் இல்லை. கழுத்தின் இரண்டு பக்கமும் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனிகள் அழுந்தினால் பத்து விநாடிக்குள்ளேயே நினைவு தப்பிவிடலாம். சில நிமிடங்களில் உயிரே போகும். இத்தனை அழுத்தம்வரை பரவாயில்லை என்று யாராலும் அளந்து சொல்ல முடியாது, ஒவ்வொரு கழுத்துக்கும் மாறும், அதே ஆளுக்கே ஒரு நாள் போல் இன்னொரு நாள் இருக்காது. வெளியே ஒரு கீறல்கூட இல்லாமல் தமனியின் உட்சுவர் கிழிந்து, நாட்கள் கழித்துப் பக்கவாதம் வருவதும் உண்டு. இத்தனை நேரம் நாம் பேசிய சொல், கை அழுத்தம், சாவிக்கொத்து எல்லாம் நினைவோடு இருப்பவருக்குத்தான் உதவும். நினைவு தப்பும் நொடியில் அத்தனையும் ஒன்றாகப் போய்விடுகிறது. யாராவது ஏற்கெனவே செய்து, பிறகு குரல் கம்முவது, விழுங்கும்போது வலி, தலைவலி, பார்வை மங்குவது என்று ஏதாவது இருந்தால் வெட்கப்படாமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், என்ன நடந்தது என்று டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

அவருக்கு வேண்டியது மூச்சுத் திணறலா, அல்லது உங்கள் பிடிக்குள் இருக்கிறேன் என்ற உணர்வா என்று கேளுங்கள். பெரும்பாலும் இரண்டாவதுதான். தாடையைப் பிடித்து முகத்தை உங்கள் பக்கம் திருப்புவதிலும், நெஞ்சுக்கு மேலே காறை எலும்பில் உள்ளங்கையை வைப்பதிலும் அது கிடைக்கும்.

எதிர்க்கரை:

எல்லோரும் சொல்வது சரி, ஆனாலும் ஒரு விஷயத்தில் எனக்கு ஒப்புதல் இல்லை. சேஃப் வேர்டைப் பற்றி இங்கே அளவுக்கு மீறிப் பேசுகிறோம். நானும் என் துணையும் பல காலமாக அது இல்லாமல்தான் இருக்கிறோம். எங்களுக்குள் 'வேண்டாம்' என்றால் வேண்டாம், 'வலிக்குது' என்றால் நின்றுவிடும், மறுப்பதுபோல் நடிப்பது எங்கள் விளையாட்டிலேயே இல்லை. சாதாரணப் பேச்சு வேலை செய்யும் இடத்தில் தனிச் சொல் எதற்கு?

அதைவிட எனக்குக் கவலை தருவது வேறு. சேஃப் வேர்ட் இருக்கிறது, அவள் சொல்லவில்லை, ஆகவே எல்லாம் சம்மதத்தோடுதான் நடந்தது என்று வாதிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எதிரில் இருப்பவர் அழுது நடுங்குவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே, சொல் வரவில்லை என்று தொடர்ந்தவர்கள். அவர்கள் கையில் அந்தச் சொல்லே ஆயுதமாகிவிடுகிறது. பார்க்கும் பொறுப்பு முழுவதையும் கட்டுண்டு கிடப்பவர் தலையில் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். கேள்வி கேட்ட நண்பர் சொல் இல்லாமலே பார்த்தார், பயந்தார், நிறுத்தினார். அவரிடம் இருக்கும் அந்தக் கவனத்தைத்தான் நான் நம்புவேன்.

வேர்க்கோடு:

எதிர்க்கரை, இரண்டாவது பத்தியில் ஒரு வார்த்தைகூட மறுக்க மாட்டேன். சொல் வந்தால் நிறுத்தியே ஆக வேண்டும், வராததால் தொடரலாம் என்று ஆகிவிடாது. உங்கள் வீட்டில் சாதாரணப் பேச்சு வேலை செய்கிறது என்றால் உங்களிடம் நிறுத்தும் வழி இருக்கிறது, அதற்குத் தனிப் பெயர் இல்லை, அவ்வளவுதான். ஆனால் இங்கே அந்தப் பெண் கேட்பது அது இல்லையே, எந்த வழியுமே வேண்டாம் என்கிறார். இரண்டும் வேறு.

புதிதாக ஒருவரைச் சந்திப்பவர்கள் யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால் உங்களுக்கும் ஒன்று. முதலில் ஏதாவது சின்ன விஷயத்துக்கு மறுப்புச் சொல்லிப் பாருங்கள், இந்த இடம் வேண்டாம், இன்று வேண்டாம், ஃபோட்டோ வேண்டாம் என்று. முகம் கோணாமல் ஏற்கிறாரா என்று பாருங்கள். 'உண்மையான சப் என்றால் லிமிட் வைக்க மாட்டாள்' என்கிறவரிடமிருந்து அந்த இடத்திலேயே விலகிவிடுங்கள். முதல் சந்திப்பு நாலு பேர் நடமாடும் இடத்தில் இருக்கட்டும், நம்பிக்கையான ஒருவருக்கு நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று தெரிந்திருக்கட்டும்.

பழையஏடு:

இந்தக் கேள்வியை இப்படிப்பட்ட விளையாட்டில் ஈடுபடுகிறவர்களின் சமூகம் பல வருடங்களாக விவாதித்து வருகிறது. 1983 வாக்கில் நியூயார்க்கில் ஓரினச்சேர்க்கை ஆண்களின் அமைப்பு ஒன்றில் டேவிட் ஸ்டீன் என்பவர் வைத்த வாசகம்தான் பாதுகாப்பாக, புத்தித் தெளிவோடு, சம்மதத்தோடு என்பது. எஸ்எஸ்சி என்று சுருக்கிச் சொல்வார்கள். வெளியே எல்லோரும் இதைக் கொடுமை என்றும் பைத்தியம் என்றும் சொன்ன காலத்தில் அது பெரிய உதவி. ஆனால் கட்டுவதோ அடிப்பதோ முழுக்கப் பாதுகாப்பு என்று எப்படிச் சொல்வது என்று 1999ல் கேரி ஸ்விட்ச் என்பவர் கேட்டார், ஆபத்தை அறிந்து சம்மதிப்பது என்ற பொருளில் ரேக் என்ற இன்னொரு வாசகத்தை வைத்தார். உங்கள் விஷயத்துக்கு இரண்டாவதுதான் பொருந்துகிறது. கழுத்தைப் பிடிக்கச் சொல்லும் உங்கள் துணைவிக்கு மேலே முடிச்சு எழுதியதெல்லாம் தெரியுமா? தெரியாமல் கேட்டிருந்தால் அவர் எதற்குச் சம்மதிக்கிறார் என்பதே அவருக்கு இன்னும் தெரியவில்லை.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், உங்கள் ஊர்ச் சட்டத்தை நீங்கள்தான் பார்க்க வேண்டும், ஆனால் இருவரும் ஒத்துக்கொண்டோம் என்றால் கதை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். கனடாவில் 2011ல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த வழக்கு ஏறக்குறைய உங்கள் கேள்வியேதான். கழுத்தை நெரித்து நினைவிழக்கச் செய்ய அந்தப் பெண் முன்பே ஒத்துக்கொண்டிருந்ததாக வாதம். நினைவில்லாதபோது நடப்பதற்கு முன்கூட்டியே சம்மதம் கொடுத்துவைக்க முடியாது, ஒவ்வொரு கட்டத்திலும் நினைவோடு, மனதை மாற்றிக்கொள்ளும் நிலையில் இருக்க வேண்டும் என்று பெரும்பான்மை நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். இங்கிலாந்தில் 1993ல் பிரவுன் வழக்கில், அப்போது அங்கே உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில், உடலில் காயம் ஏற்படும் சடோமசோகிசத்துக்கு, அதாவது வலி கொடுப்பதிலும் வாங்குவதிலும் இன்பம் காண்பதற்கு, சம்மதம் ஒரு தற்காப்பு வாதமே ஆகாது என்றது. அங்கே நடந்ததை எல்லோரும் விரும்பியே செய்திருந்தார்கள். அந்தத் தீர்ப்பு எனக்கு உடன்பாடில்லை, வயது வந்தவர்களின் அந்தரங்கத்தில் அரசு அவ்வளவு தூரம் நுழையக்கூடாது என்று நினைக்கிறேன். கனடா தீர்ப்பை மறுக்க என்னால் முடியவில்லை.

மனநோயோ என்று யாராவது பயந்தால், 2013ல் வந்த டிஎஸ்எம் 5 என்ற அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்க் கையேடு இந்த மாதிரி விருப்பங்களை மட்டும் வைத்து ஒருவரை நோயாளி என்று சொல்வதில்லை, அதனால் அவர் பெரிதும் அவதிப்படுகிறாரா, அன்றாட வாழ்க்கை கெடுகிறதா, சம்மதிக்காத ஒருவரிடம் காட்டுகிறாரா என்றுதான் பார்க்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி 11லும், சம்மதத்தோடு நடக்கும் சடோமசோகிசம் நோய்ப் பட்டியலில் இல்லை.

தயங்கும்கை:

எல்லோருக்கும் நன்றி. இதையெல்லாம் அவளிடம் படித்துக் காட்டினேன். கழுத்து பற்றி முடிச்சு எழுதியது அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை, இனி கேட்க மாட்டேன் என்று அவளாகவே சொல்லிவிட்டாள். என் லிமிட் என்று சொன்னதையும் ஏற்றுக்கொண்டாள். கீழே இருப்பது அவள் எழுதியது.

'அவர் எழுதியதில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது, நானும் இதுவரை அவரிடம் சொல்லாதது. ஒருமுறை தோள் வலிக்கிறது என்று மட்டும்தான் சொன்னேன், கையை மட்டும் இடம் மாற்றி வைத்திருந்தால் போதும். அவர் மொத்தத்தையும் நிறுத்திவிட்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தார், அப்புறம் நெடுநாள் என்னைத் தொடவே தயங்கினார். அதிலிருந்து வலித்தாலும் சொல்லாமல் இருந்துவிடுவது என்று பழகிவிட்டேன். ஒரு சொல் வைத்துக்கொண்டால் என்றைக்காவது அதைச் சொல்லியாக வேண்டும், சொன்னால் இவர் இதையே விட்டுவிடுவார் என்ற பயம்தான் உண்மையில். ஒப்படைப்பது, அது இது என்று நான் சொன்னதும் பொய்யில்லை, ஆனால் இதுதான் முதல் காரணம்.'

மரகதப்புறா:

தோழி, இதை எழுதியதற்கு நன்றி. இது நிறைய பேருக்கு இருக்கிற பயம். சொல்லாமல் தாங்கிக்கொள்ளும்போது நீங்கள் ஒப்படைக்கவில்லை, தனியாக இருந்து சமாளிக்கிறீர்கள், அதில் களைப்புத்தான் மிஞ்சும்.

அண்ணா, இது உங்களுக்கு. மஞ்சள் வந்தால் என்ன செய்வீர்கள் என்பதை இப்போதே வரிசையாகப் பேசிவைத்துக்கொள்ளுங்கள். கை அங்கேயே நிற்கும், 'என்ன?' என்று ஒரே கேள்வி, அவர் சொல்வார், சரிசெய்வீர்கள், அவர் பச்சை சொன்னால் விட்ட இடத்திலிருந்து தொடரும். அந்த நேரத்தில் மன்னிப்பு வேண்டாம், விளக்கைப் போடவும் வேண்டாம். மனசு கனத்தால் முடிந்த பிறகு பேசிக்கொள்ளலாம். தொடர உங்களுக்கே மனமில்லை என்றால் நீங்கள் சிவப்பு சொல்லுங்கள், அது உங்கள் காரணத்துக்காக என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், இல்லையென்றால் அவர் தன்னால்தான் என்று எடுத்துக்கொள்வார்.

அடுத்த முறை ஒரு ஒத்திகை மாதிரி செய்து பாருங்கள். தோழி, எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே, தலையணை சரியில்லை என்பது மாதிரி அற்பமான ஒன்றுக்கு வேண்டுமென்றே மஞ்சள் சொல்லுங்கள். அவர் தலையணையைச் சரிசெய்துவிட்டுத் தொடரட்டும். அன்றைக்கே இன்னொரு முறையும் சொல்லுங்கள். சொன்னால் எல்லாம் முடிந்துபோகாது என்று உங்கள் இருவர் உடம்புக்கும் பழகும்வரை பெரிதாக எதையும் ஆரம்பிக்க வேண்டாம், கயிறும் கொஞ்ச நாள் ஓரமாக இருக்கட்டும், கையால் பிடித்தாலே போதும்.